தொடையிடுக்கு வலியும் நான் அலைந்த அலைச்சலும்

முட்டி வலி என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள், பக்கத்து சீட்டுக்காரர் உடனே தன் முட்டிக் கதையை ஆரம்பித்துவிடுவார். கை சுளுக்கு என்றால் ஆளுக்கொரு தைலம் பெயர் சொல்வார்கள். தொடையின் உள்பக்கம், இடுக்கை ஒட்டி வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் மட்டும் கேட்பவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார், இல்லையென்றால் கேள்வி வேறு எங்கேயோ போகும். இந்தக் கூச்சத்தாலேயே எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் போனது. பணமாக 30,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். சேர்த்து வைத்திருந்த மருத்துவ விடுப்பில் பெரும்பகுதியும் கரைந்தது. இதைப் பற்றித் தமிழில் வெளிப்படையாக எழுதியது எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

வங்கி வேலை, மாறுதலில் மதுரைக்கு வந்தவள். வயது நாற்பதை நெருங்குகிறது. தனியாக வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். காலையில் வீட்டுக்குப் பக்கத்து உள்ளரங்கில் ஷட்டில் ஆடுவது வழக்கம். அன்று எதிரில் ஆடியவர் வலைக்கு ஒட்டி வலது மூலையில் பந்தைத் தட்டிவிட்டார். வலது காலை நீட்டிப் பாய்ந்து எடுத்தேன். பின்னால் இழுபட்டு வர வேண்டிய இடது கால் வரவில்லை, ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு காலும் அகன்று நின்ற அந்த நொடியில் இடது தொடையின் உள்ளே, உச்சியில், பட்டென்று ஏதோ விட்டது. வலி வந்தது, ஆனால் கத்தும் அளவுக்கு இல்லை. நொண்டிக்கொண்டே பெஞ்சுக்கு நடந்து வந்தேன். நடக்க முடிகிறதே, அப்படியானால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் அங்கே இருந்த எல்லோரும் சொன்னார்கள். இந்தத் தசைக்கு அந்தக் கணக்கு செல்லாது. நேராக, மெதுவாக நடக்கும்போது சமாளித்துவிடும். காலைப் பக்கவாட்டில் நகர்த்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எனக்கு அது வெளிப்பட்டது சிக்னலில். ஸ்கூட்டரை நிறுத்த இடது காலைப் பக்கவாட்டில் ஊன்றியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் சென்டர் ஸ்டாண்டு போட முடியவில்லை, காலையில் பால் போடும் பையன்தான் போட்டுக் கொடுத்தான். ராத்திரி அதைவிட மோசம். படுக்கையில் புரள முடியாது. தும்மல் வந்தால் இரண்டு முட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் தும்ம வேண்டும். இந்தியக் கழிப்பறையில் உட்காருவதைவிட எழுந்திருப்பது கஷ்டம், குழாயைப் பிடித்துக்கொண்டு எழுவேன். வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்களுக்கு, நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். படுக்கையிலிருந்து இறங்கும்போது முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து லேசாக அணைத்தபடி, இரண்டு காலையும் ஒன்றாகத் திருப்பி இறங்குங்கள். தூங்கும்போதும் அந்தத் தலையணை அங்கேயே இருக்கட்டும். ஆட்டோவிலோ காரிலோ ஏறும்போது முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து அகட்டி ஏறினால் அன்று முழுக்க அனுபவிப்பீர்கள். சம்மணம் கூடாது. சாப்பிட, பேப்பர் படிக்க, சாமி கும்பிட, எதற்கும் நாற்காலிதான்.

தெருவிலிருந்த டாக்டரிடம் போனேன். படுக்கச் சொல்லவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. நான் கை காட்டிய இடத்தைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது என்று நினைக்கிறேன். "சதைப் பிடிப்புதாம்மா" என்று ஓர் ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. அப்புறம் ஓரிரு நாளில் தொடையின் நடுவில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கன்றல் தெரிந்தது. வலி இருந்தது மேலே, கன்றல் வந்தது கீழே. பயந்துபோனேன். கிழிந்த தசையிலிருந்து கசியும் ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்கி முட்டிவரைகூட வந்து தெரியும் என்று பின்னால்தான் தெரிந்தது. கன்றல் தெரிந்தால் அது வெறும் பிடிப்பு அல்ல, சில தசை நார்களாவது கிழிந்திருக்கின்றன. அதை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் மறைந்துவிடலாம், பிறகு பார்க்கும் மருத்துவருக்கு அது நல்ல தடயம்.

வீட்டுக்கார அம்மா விடவில்லை. "நரம்பு பிறண்டிருக்கும், நம்ம பாட்டி உருவி விட்டா ரெண்டு நாள்ல ஓடிப்போயிரும்" என்று சுளுக்கு எடுக்கும் பாட்டியைக் கூட்டி வந்தார். பாட்டி நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்து, காலை மடக்கி வெளிப்பக்கமாக அகட்டி ஓர் இழுப்பு இழுத்தார். அன்றிரவு நான் தூங்கவில்லை. தொடை வீங்கி, தோல் பளபளவென்று நின்றது. பாட்டிமேல் எனக்குக் கோபம் இல்லை, அன்பாகத்தான் செய்தார். ஆனால் புதிதாகக் கிழிந்த தசைக்கு முதல் சில நாட்களில் செய்யக் கூடாத மூன்றையும், அதாவது சூடு, அழுத்தித் தேய்த்தல், அகட்டி இழுத்தல், ஒரே அமர்வில் வாங்கிவிட்டேன். அந்த நாட்களில் செய்ய வேண்டியது எளிது. ஐஸைத் துணியில் சுற்றி ஒரு கால் மணி நேரம் வைத்து எடுப்பது, நாளைக்கு நாலைந்து முறை. தொடை உச்சியிலிருந்து இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் பேண்டேஜ், ரத்த ஓட்டம் நிற்காத அளவு இறுக்கத்தில். வலிக்காத அளவுக்குக் குட்டி எட்டு வைத்து நடப்பது. அவ்வளவுதான்.

மூன்றாவது வாரமும் வலி குறையாததால் எலும்பு டாக்டர். அவர் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் தட்டினார். "டிஸ்க்ல இருந்து வர்ற வலியா இருக்கலாம்" என்று முதுகுத்தண்டுக்கு எம்ஆர்ஐ எழுதினார். 7,500 ரூபாய். கீழ் முதுகில் ஒரு வட்டு லேசாகப் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. இடுப்புக்கு பெல்ட் வாங்கினேன், 900 ரூபாய். முதுகில் ஒரு வலியும் இல்லாதவர்களை எடுத்து எம்ஆர்ஐ பார்த்தாலும், என் வயதில் பலருக்கு இந்தப் பிதுக்கம் இருக்கும். ரிப்போர்ட்டில் ஒன்று எழுதியிருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஸ்கேன் எழுதினால், "எனக்கு வலிக்கிற இடத்துக்கும் இந்த ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர்கள் குறைவு.

அம்மா ஊரிலிருந்து தினமும் போன். மதினி இன்னொரு பக்கம், "அந்த எடம்னா கர்ப்பப்பையாத்தான் இருக்கும், லேடி டாக்டர்கிட்ட போயிட்டு வா, ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாத" என்றார். போனேன். வயிற்று ஸ்கேன், எல்லாம் நார்மல். 2,500 ரூபாய். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்களுக்கு இடுக்கு வலி என்றால் அதையும் பார்ப்பது சரிதான். எனக்குக் கசந்தது வேறு. ஷட்டில் ஆடும்போது பட்டென்று விட்டது என்று நான் சொன்ன முதல் வாக்கியத்தை, இதுவரை பார்த்த ஒருவரும் காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வயதில் விளையாட்டு எதற்கு என்று யாரும் நேராகக் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் குரலிலும் அது இருந்தது.

திருப்பம் வந்தது ஒரு கபடிக்காரப் பையனால். உடன் வேலை செய்பவரின் மகன், கல்லூரி அணியில் ரெய்டர். அம்மாவைக் கூப்பிட வங்கிக்கு வந்தவன் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, முட்டிக்கு நடுவுல கையை வச்சு ரெண்டு காலாலயும் நெருக்குனா மேல வலிக்குதா?" என்று கேட்டான். உட்கார்ந்த இடத்திலேயே செய்து பார்த்தேன். உயிர் போனது. "அது கிராயின் ஆன்ட்டி. எங்க டீம்ல பாதிப் பேருக்கு வந்திருக்கு" என்றான், ஜலதோஷத்தைச் சொல்வதுபோல. தொடையிடுக்குத் தசைக் காயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிறவர்களுக்கு இது தொழில்முறை உபாதையாம். அவர்கள் போகும் பிசியோதெரபிஸ்டின் நம்பரையும் கொடுத்தான்.

அந்தப் பிசியோ ஒரு பெண். எந்தக் காலில் ஆடும்போது, எப்படி நின்றபோது வந்தது என்று முதலில் கேட்டார். படுக்க வைத்து, முட்டிகளை மடக்கி, தன் முஷ்டியை நடுவில் வைத்து நெருக்கச் சொன்னார். பிறகு, "எங்கே தொடப்போறேன்னு சொல்லிட்டுத்தான் தொடுவேன், வேண்டாம்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, காலை அகட்டினால் இடுக்கில் கயிறாகத் தெரியுமே ஒரு நரம்பு, அதன் மேல் நுனியை ஒரே விரலால் அழுத்தினார். அலறிவிட்டேன். நாம் நரம்பு என்று சொல்லும் அது நரம்பே இல்லை, அடக்டர் லாங்கஸ் என்ற தசையின் தசைநாண். தொடை உள்பக்கத் தசைகளில் அடிக்கடி அடிபடுவதும் அதுதான். ஒரு ஸ்போர்ட்ஸ் டாக்டரிடம் அனுப்பி, அந்த இடத்துக்கு மட்டும் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். 1,500 ரூபாய். பாதிக் கிழிசல், ஆறத் தொடங்கியிருக்கிறது என்று வந்தது.

பிசியோவின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு இருந்தது. அதை வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். அடிவயிற்றுக்குக் கீழே நடுவில் கை வைத்தால் தட்டுப்படும் எலும்பின் அக்கம்பக்கத்தில் ஐந்து தசைகள் புறப்படுகின்றன. மேலே சின்னதாக பெக்டினியஸ், அடுத்து லாங்கஸ், அதன் பின்னால் மறைந்து பிரெவிஸ், எல்லாவற்றுக்கும் பின்னால் பெரியதாக மேக்னஸ், உள்விளிம்பில் ஒல்லியாக கிராசிலிஸ். புறப்படும் இடம் சின்னது, போய் ஒட்டும் இடம் நீளமானது. ஓலை விசிறி விரிவதுபோல விரிந்து, நான்கு தசைகள் தொடை எலும்பின் பின்புறம் மேலிருந்து கீழ்வரை ஒட்டிக்கொள்கின்றன. கிராசிலிஸ் மட்டும் முட்டியைத் தாண்டிப் போய்க் கீழ்க்கால் எலும்பின் உள்பக்க உச்சியில், அதாவது முட்டிக்குச் சற்றுக் கீழே, ஒட்டுகிறது. எனக்கு அவ்வப்போது முட்டியின் உள்பக்கமும் ஏன் இழுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. மேக்னஸின் ஒரு பகுதி நாம் உட்காரும் எலும்பிலிருந்து கிளம்பி, முட்டிக்கு மேலே உள்பக்கத்தில் முடிகிறது. குந்தியிருந்து எழும்போது தொடையைப் பின்னுக்குத் தள்ளி உடம்பைத் தூக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கழிப்பறையில் உட்காருவதைவிட எழுவது கஷ்டமாக இருந்ததன் கணக்கும் தீர்ந்தது.

காலைச் சேர்ப்பதுதான் இவற்றின் வேலை என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் நாள் முழுக்கக் காலைச் சேர்த்து வைக்கவா இவ்வளவு பெரிய தசைகள்? நடக்கும்போது பாதி நேரத்துக்கு மேல் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் பிடிப்பது வெளிப்பக்கத்தில் பிட்டத் தசைகள், உள்பக்கத்தில் இவை. ஓடும்போது பின்னால் போன தொடையை முன்னால் கொண்டுவர லாங்கஸ் உதவுகிறது. பக்கவாட்டில் பாய்ந்து நிற்கும்போது பிரேக் போடுவதும் இவைதான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய அந்த நொடியில்தான் கிழிசல் நடக்கிறது. எனக்கும் அப்படித்தான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டளை கொண்டுவருவது கீழ் முதுகிலிருந்து வரும் அப்டுரேட்டர் நரம்பு. அதே நரம்பின் கிளைகள் இடுப்பு மூட்டுக்கும் போகின்றன. அதனால் மூட்டில் கோளாறு இருந்தாலும் வலி தொடை உள்பக்கத்திலோ முட்டியிலோ தெரியலாம். பிசியோ என் காலை மடக்கி உள்ளும் வெளியும் சுழற்றிப் பார்த்தது அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

சிகிச்சை என்றால் கரண்ட் வைப்பார்கள், தேய்ப்பார்கள், நாம் கண்ணை மூடிப் படுத்திருக்கலாம் என்றுதான் போனேன். அவர் ஒரு கதை சொன்னார். டென்மார்க்கில் நாள்பட்ட இடுக்கு வலி இருந்த விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு லேசர், கரண்ட், தேய்த்தல், நீட்டல் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பயிற்சியை முடித்த 29 பேரில் 23 பேர் வலியில்லாமல் பழைய அளவு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். மற்றப் பிரிவில் 30 பேரில் 4 பேர். "தூங்குறதுக்கு எங்கிட்ட வராதீங்க" என்றார்.

முதலில் வெறும் நெருக்கல்தான். மல்லாந்து படுத்து முட்டி மடக்கி, நடுவில் தலையணை வைத்து, பத்து எண்ணும்வரை நெருக்கிப் பிடித்து விடுவது. அப்புறம் ஒருக்களித்துப் படுத்து, கீழே இருக்கும் காலை மட்டும் நேராகத் தூக்குவது. அதன்பின் ரப்பர் பட்டையைக் கட்டில் காலில் கட்டி, நின்றபடி காலை உள்பக்கம் இழுப்பது. மொசைக் தரையில் துண்டைப் போட்டு, அதன்மேல் ஒரு காலை வைத்துப் பக்கவாட்டில் வழுக்கவிட்டுத் திரும்ப இழுப்பது. கடைசியாகக் கோபன்ஹேகன் என்ற பயிற்சி. ஒருக்களித்து முழங்கையை ஊன்றி, மேல் காலை நாற்காலியில் வைத்து, அந்தக் காலின் உள்பக்கத் தசையாலேயே உடம்பைத் தூக்குவது. ஆரம்பத்தில் முட்டியை நாற்காலியில் வைத்துச் செய்தால் பாரம் குறையும். நார்வேயில் கால்பந்து வீரர்கள் இந்த ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொண்டபோது இடுக்குப் பிரச்சினைகள் 41 சதவீதம் குறைந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. நான் முதல் தடவை அரை அங்குலம்கூட எழும்பவில்லை.

எவ்வளவு வலி வரை செய்யலாம் என்பதற்கு அவர் கொடுத்த அளவுகோல் எனக்கு மிகவும் உதவியது. பத்துக்கு இரண்டு, மூன்று வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் அது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் ஒரு படி கீழே இறங்கிச் செய்ய வேண்டும். இந்த மறுநாள் காலைக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் ஒன்று பயத்தில் விட்டிருப்பேன், இல்லை ஆசையில் கெடுத்திருப்பேன். இன்னொன்று, லேசான கிழிசல் சில வாரங்களில் ஆறிவிடும். நாள்பட்டுப்போனதற்கு மாதங்கள் ஆகும். அந்த டென்மார்க் ஆட்களுக்குப் பயிற்சியே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடந்தது. நடுவில் வலி நின்ற ஒரு வாரத்தில் ஷட்டில் கோர்ட்டுக்குப் போகத் துடித்தேன். இரண்டு காலும் ஒரே பலத்தில் நெருக்குகிறதா என்று பார்க்காமல் விட மாட்டேன் என்று பிசியோ மறித்துவிட்டார்.

உங்களுக்கும் இதே வலி என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம். இருமினால் இடுக்கில் ஒரு கட்டி புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம், சர்ஜனிடம் போங்கள். அடி எதுவும் படாமலே வலி மெல்ல ஆரம்பித்து, காலை உள்பக்கம் சுழற்ற முடியாமல் போனால், குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும், இடுப்பு மூட்டைப் பாருங்கள். ரத்த ஓட்டம் குறைந்து பந்து மூட்டு எலும்பு செத்துப்போகும் நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் கட்டியா என்று அன்றே பார்க்க வேண்டும். இடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. காலை ஊன்றவே முடியவில்லை, சிறுநீர் அடங்கவில்லை, அந்தரங்கப் பகுதி மரத்துப்போகிறது என்றால் நேராக அவசரப் பிரிவு.

செலவுக் கணக்கைப் பார்த்தால், உண்மையில் வேலை செய்தது பிசியோவுக்குக் கொடுத்த 9,000 ரூபாயும் அந்த 1,500 ரூபாய் அல்ட்ராசவுண்டும்தான். மிச்சம் 20,000-க்கு மேல் அலைச்சலுக்குப் போனது. கோர்ட்டுக்கு முன்பணமாகக் கட்டியிருந்த 4,500 ரூபாயும் அதில் சேர்த்தி, கேட்டுப் பார்த்தேன், திருப்பித் தரவில்லை. அரையாண்டுக்கு மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுங்கள். பிசியோவைத் தேடும்போது, விளையாட்டுக் காயம் பார்ப்பவரா, வீட்டில் செய்ய என்ன பயிற்சி கொடுப்பார் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கரண்ட் மட்டும் வைத்து அனுப்புகிற இடம் என்றால் அடுத்த நம்பரைப் போடுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, கூட ஒருவர் இருக்கட்டும் என்றோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முக்கியமாக, போகும்போது தளர்வான பேண்ட் போட்டுக்கொண்டு போங்கள். சேலையில் போய் மேசையில் படுத்து முட்டி மடக்கச் சொன்னபோது நான் பட்ட பாட்டில் பாதிப் பரிசோதனை வீணானது, அந்த அமர்வுக்கும் 500 ரூபாய் கொடுத்தேன்.